மேலுரத்துக்கு நாள் கணக்கு மட்டும் போதாது

வேளாண்மை - உழவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவாரூர்ப் பக்கம், வெயில் காலத்தில் குறுவையும் அதை அறுத்தபின் பனிக்காலம் வரை தாளடியும் என இரண்டு போகம் நெல் செய்கிற குடும்பம் எங்களுடையது. நட்ட எத்தனையாவது நாளில் எவ்வளவு யூரியா என்று நீங்கள் தரும் அட்டவணையை வைத்துத்தான் மேலுரம் இடுகிறோம். ஆனால் ஆடி வெயிலில் தகிக்கும் வயலுக்கும் மார்கழிப் பனியில் கிடக்கும் வயலுக்கும் நாளை மட்டும் எண்ணினால் எப்படிச் சரியாகும்?

மண்ணில் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, உருமாற்றுவது பெரும்பாலும் நுண்ணுயிர்கள். ஓர் எல்லை வரை, வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குறுவையில் யூரியா சீக்கிரமே அம்மோனியமாகிவிடும். தேங்கிய நீரில் பாசி இருந்தால், உச்சி வெயிலில் அது கரியமில வாயுவை உறிஞ்சி நீரின் காரத்தன்மையை ஏற்றும். சூடும் காரமும் சேர்ந்தால் அம்மோனியா ஆவியாகிக் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உரம் அது. வேம்பு பூசிய யூரியாதானே என்பீர்கள். சரி, அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்தும். இந்த ஆவி இழப்புக்கு அது மருந்தல்ல.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் கட்டச் சொல்கிறீர்கள். தண்ணீர் மிச்சம், நல்ல முறைதான். ஆனால் வயல் காயும்போது அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுகிறது. மறுபடி நீர் நின்றதும், காற்றுப் புகாத சேற்றில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகவும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறுகிறது. பின்னது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. மண் சூடாக இருந்தால் இந்த இரண்டு மாற்றமுமே வேகமெடுக்கும். அப்படியானால் யூரியா இட்டபின் எத்தனை நாள் கழித்துக் காயவிடலாம்? இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

தாளடியில் கதை வேறு. மண் குளிரக் குளிர, மண்ணில் மக்கிய பொருளிலிருந்து தழைச்சத்து வெளிவருவது மந்தமாகும். பயிர் வெளுத்தால் உரக்கடையில் இன்னொரு மூட்டை போடச் சொல்கிறார்கள். பனி நேரத்தில் தழைச்சத்து மிஞ்சிய பயிரில்தான் குலைநோய் என்ற பூஞ்சை நோய் கடுமையாகத் தாக்கும்.

ஆகவே கேட்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவிப்பில் வட்டார வாரியாக மண்ணின் வெப்பநிலையைச் சேருங்கள். மேலுரம் இடலாமா, காலையா மாலையா, நீரை வடித்துச் சேற்றில் இட்டுப் பிறகு தண்ணீர் கட்டுவதா என்று அதிலேயே ஒரு வரி இருக்கட்டும். குறுவைக்கும் தாளடிக்கும் தனி அட்டவணை வேண்டும். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களால் முடியாததா? அப்புறம், இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் தேவையா என்று பார்க்கும் இலை வண்ண அட்டை, யூரியா மூட்டையோடு கூட்டுறவுச் சங்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

குறுவை அட்டவணை ஜூன் 12-க்கு, மேட்டூர் திறக்கும் நாளுக்கு, முன்பே எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். நட்டபிறகு வந்தால் பயனில்லை.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்