சம்பல் போத்தலும் பவர் பேங்கும்: பெட்டி உள்ளே போவதற்கு முன் தமிழில் ஒரு பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் 22 வருடம் சிற்றுண்டிச்சாலை நடத்திவிட்டு இப்போது வீட்டோடு இருப்பவள். கடந்த மாதம் அம்மாவைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போனேன். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. எந்த விமான நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் அவர்கள் வேலையைத்தான் செய்தார்கள்.

அம்மாவுக்கு 82 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய தங்கை, என் சின்னம்மா, 1970-இல் ஊருக்குப் போய்விட்டார். சித்தப்பாவுக்குச் சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது குடியுரிமை இல்லை; வேலை பெர்மிட்டும் கிடைக்கவில்லை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அந்தச் சமயத்தில் அப்படிப் போன குடும்பங்கள் எங்கள் லயத்தில் மட்டும் நாலைந்து இருக்கும். சின்னம்மா அங்கே போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை, பேரன், பேத்தி எல்லாம் அங்கேதான். ஆனாலும் போனில் பேசினால் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பெலாச்சான் சம்பல் செஞ்சியா?"

அதனால் புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா உட்கார்ந்துவிட்டார். பெலாச்சானை, அதாவது இறாலைப் புளிக்க வைத்துச் செய்யும் கட்டியை, நெருப்பில் வாட்டி, காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கல்லுரலில் இடித்து, நெத்திலியைத் தனியாகப் பொரித்துப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கிண்டினார். நான் மிக்ஸியில் அரைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். சம்பல் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் போத்தல் நிறைய வந்தது. பெட்டிக்குள் வைத்தால் உடைந்து சேலையெல்லாம் எண்ணெயாகிவிடும் என்று, துணி சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். 1994-இல் ஒரு தடவை போனபோதும் அப்படித்தான் மடியில் வைத்துக் கொண்டுபோனார். அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கவுண்டரில் பெரிய பெட்டியைப் போட்டு பத்து நிமிடம் ஆகியிருக்கும், என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஓர் அறை. எங்கள் பெட்டி மேசை மேல் இருந்தது. சாவி கேட்டார்கள், திறந்தேன். சேலைகளுக்கு அடியில் என் மகன் வாங்கிக் கொடுத்த பவர் பேங்க். இது பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அந்த அதிகாரி மரியாதையாகச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். அம்மாவை "மாச்சிக்" (மலாயில் அத்தை என்பது போல) என்று கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். பெட்டியை மூடிப் பூட்டினேன். அது பெல்ட்டில் போய்விட்டது.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பெட்டி திறந்து கிடந்தபோது சம்பல் போத்தல் அதிலிருந்து இரண்டடி தூரத்தில், அம்மாவின் மடியில் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை அங்கேயே சேலைக்குள் சொருகியிருப்பேன். எனக்கும் தெரியவில்லை. அந்த அதிகாரி கைப்பையைக் கேட்கவும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் கைப்பைச் சோதனை. எக்ஸ்ரேயில் போத்தல் தெரிந்தது. "செச்சாயிர் தா' போலே, மாச்சிக்" என்றார் அங்கிருந்த பெண். திரவம் கூடாது என்கிறார். அம்மா, "இது தண்ணி இல்லையே. சம்பல்தானே" என்று தமிழில் என்னிடம் சொல்கிறார். நான் மலாயில் கெஞ்சினேன். பெட்டி போய்விட்டது, திரும்பி எடுக்க முடியாது. எங்களைக் கொண்டுவந்து விட்ட அண்ணன் மகன் அதற்குள் ஹைவேயில் ஏறியிருந்தான். போத்தல் கூடைக்குள் போனது. கூடையில் ஏற்கெனவே ஊறுகாய், காயா (தேங்காய்ப்பால் ஜாம்), தேன் போத்தல்கள் கிடந்தன. அம்மா அழவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் மடியில் வெறும் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

விதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் மகனை உட்காரவைத்து ஏன், எதற்கு என்று கேட்டேன். 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு சதியைப் பிடித்தார்கள். குளிர்பானப் போத்தலில் வெடிக்கும் திரவத்தை நிரப்பி, நடுவானில் விமானங்களைத் தகர்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் போத்தலில் திரவம் கூடாது என்ற கணக்கு வந்தது. அந்தக் காலத்து எக்ஸ்ரே மெஷினுக்கு ஒரு திரவத்தையும் இன்னொரு திரவத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, போத்தலின் அளவைத்தான் பார்ப்பார்கள். பெரிய போத்தலின் அடியில் இரண்டு கரண்டி சம்பல் இருந்தாலும் கூடாது. சின்னச் சின்னப் போத்தல்கள் என்றாலும் எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். குழந்தைக்கான பாலும் அவசியமான மருந்தும் விதிவிலக்கு, ஆனால் எடுத்துக் காட்ட வேண்டும்.

நம் ஆட்கள் தடுக்கி விழுவது "திரவம்" என்ற சொல்லில்தான். நமக்குத் திரவம் என்றால் தண்ணீர், குளிர்பானம், எண்ணெய். அவர்கள் கணக்கில் ஊற்றினால் ஓடுவது, தடவினால் பரவுவது, பிதுக்கினால் வருவது எல்லாமே அந்த வகை. சம்பல், ஊறுகாய், நெய், தயிர், காயா, கெட்டிச் சட்னி, பற்பசை கூட. முறுக்கு, அதிரசம், வறுத்த நெத்திலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மா நெத்திலியையும் மிளகாய்த்தூளையும் தனித்தனியாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வைத்திருந்தால் அங்கே போய்க்கூட சம்பல் கிண்டியிருக்கலாம். பெலாச்சானும் கூடவே போயிருந்தால் போதும்!

பவர் பேங்க் விஷயம் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. கீழே சரக்கு அறையில் பற்றினால் யார் போய்ப் பார்ப்பது? மேலே பயணிகளோடு இருந்தால் உடனே தெரியும், பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். 2025 ஜனவரி 28-இல் தென்கொரியாவின் பூசானில், புறப்படக் காத்திருந்த ஒரு விமானம் இப்படித்தான் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பித்தார்கள். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்தில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அதை மேலே வைக்காதே, இருக்கையின் அடியில் கண்ணெதிரே வை என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. அளவும் உண்டு, 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். என் மகனுடையது 20,000 மில்லி ஆம்பியர்-அவர், அது 74 வாட்-அவர்தான் வரும். பவர் பேங்க் மேல் இந்த அளவு எழுதியிருக்கும் எழுத்து தேய்ந்து போயிருந்தால் நிறுத்திவிடலாம்.

ஆக, சம்பல் கீழே போக வேண்டும், பவர் பேங்க் மேலே வர வேண்டும். நாங்கள் இரண்டையும் மாற்றி வைத்தோம். பவர் பேங்கைத் திருத்திக்கொள்ள வழி இருந்தது. சம்பலுக்கு இல்லை, ஏனென்றால் அதைப் பற்றிய பேச்சே பெட்டி போன பிறகுதான் வருகிறது.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. சபரிமலைக்குப் போகிற நம் ஐயப்ப பக்தர்களுக்கு இது தெரிந்திருக்கும். இருமுடியில் இருக்கும் தேங்காயைக் கையோடு விமானத்தில் கொண்டுபோக இந்தியாவில் 2024 அக்டோபரில் அனுமதித்தார்கள், அதுவும் சோதனைக்குப் பிறகு, 2025 ஜனவரி 20 வரை மட்டும். போன வருடம் போனவர் சொன்னதை நம்பி இந்த வருடம் போகிறவர் என்ன செய்வார்? புது மெஷின் வந்த இடங்களில் லேப்டாப்பைப் பைக்குள்ளேயே விடச் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். தடவித் தடவிப் போகிற வயதானவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தமிழ்நாட்டுக்குப் போகும் விமானங்களின் கவுண்டர் வரிசையில், பெட்டியை ஒப்படைக்கும் முன் கண்ணில் படும் இடத்தில், தமிழில் ஒரு பலகை. நான் நின்ற வரிசையில் அப்படி ஒன்று இல்லை. வரிசையில் நிற்பவர்களிடம் ஊழியர் ஒருவர் வாயாலும் கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் டவுனில் டிக்கெட் போட்டுத் தரும் கடைக்காரர்கள் டிக்கெட் தாளோடு ஒரு துண்டுச் சீட்டும் தரலாம். உங்கள் பத்திரிகை தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்னால் இதைக் கட்டம் கட்டிப் போட்டால், தோட்டத்துக் கடையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பார்கள். அம்மாவும் அப்படித்தான் பேப்பர் கேட்கிறார், நான் வாசிப்பேன்.

பலகையில் என்ன எழுதுவது என்று யாரும் யோசிக்க வேண்டாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவருக்குப் புரிகிற வரை திருத்தி எழுதி வைத்திருக்கிறேன்:

"சம்பல், ஊறுகாய், நெய், தயிர், தேன், எண்ணெய் கைப்பையில் இருக்கிறதா? பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். பவர் பேங்க் பெரிய பெட்டியில் இருக்கிறதா? கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி உள்ளே போனபின் மாற்ற முடியாது."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்