காற்றிலே கஞ்சத்தனம் பார்க்காதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டைச் சூடாக்கிற உன்ர விறகடுப்பின் கதவுக் கண்ணாடி முழுக்கக் கறுத்துக் கிடக்குது. துடைக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். துடைக்கிறது கிடக்கட்டும். கண்ணாடி கறுக்கிறதென்றால் அதே கறுப்பு புகைபோக்கிக்குள்ளேயும் படியுது, அங்கே உன்ர கை எட்டாது.

காரணம் இரண்டில் ஒன்று. விறகு ஈரமாக இருக்கலாம். இல்லையென்றால் படுக்கப் போகும்போது அடுப்பை நிரப்பிக் காற்றுத் துவாரத்தை மூடி, விடியுமட்டும் புகைந்து சூடு தரட்டும் என்று விடுகிறாய். வட நோர்வேயில், ட்ரொம்சோக் குளிருக்கு அந்த ஆசை வரும்தான். ஆனால் விறகின் சூட்டில் பெரும்பங்கு அதிலிருந்து கிளம்புகிற வாயு எரிவதால் வருவது. காற்று இல்லாவிட்டால் அந்த வாயு எரியாமலே மேலே போய், குளிர்ந்த சுவரில் பட்டுத் தாராக ஒட்டும். அந்தத் தார் ஒருநாள் பற்றினால் புகைபோக்கிக்குள் 1000 பாகையையும் தாண்டும். இரவுக்குச் சூடு வேணுமென்றால் படுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் நன்றாக எரித்துவிடு. பிறகு இரும்பும் கல்லும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

விறகை முதலில் சோதி. மரத்தின் ஈரத்தை அளக்கிற ஈரமானி மலிவான சாமான், வாங்கி வை. கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தாதே, அது எப்போதும் காய்ந்ததாகத்தான் காட்டும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிகிற உள்பக்கத்தில் குத்திப் பார். 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேணும். மானி இல்லாத நாளில் பேர்ச் மரக் கட்டையின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைப் பூசி மற்ற முனையில் வாயை வைத்து ஊது. காய்ந்த கட்டையென்றால் நுரை கிளம்பும். கடற்கரையில் ஒதுங்கின மரம் சும்மா கிடைக்குது என்று பொறுக்கி வராதே. அதிலே ஊறின உப்பு இரும்பைத் தின்னும், புகையும் நஞ்சு. வர்ணம் பூசின பலகை, அழுகாமல் மருந்தேற்றின பலகை இரண்டும் அடுப்புக்குள் போகவே கூடாது.

மூட்டுவது எங்கட ஊர் அடுப்புக்குத் தலைகீழ். பெரிய கட்டை இரண்டை இடைவெளி விட்டு அடியில் வை. அதன்மேல் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து வரி அடுக்கி, உச்சியில் நெருப்பு மூட்டும் கட்டியை வைத்துக் கொளுத்து. நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். கீழேயிருந்து வருகிற வாயு சுவாலைக்குள்ளால் போகிறதால் எரிந்துவிடும். காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருக்கவேணும். முதல் சில நிமிடம் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம், ஆனால் நீ அங்கேயே நில். பெரிய கட்டைகள் நன்றாகப் பற்றின பிறகு காற்றைக் கொஞ்சம் குறை. சுவாலை மஞ்சளாய்த் துள்ளிக்கொண்டிருந்தால் அளவு சரி. சோம்பலாகச் செம்மஞ்சளில் அசைந்தால் குறைத்தது கூடிப்போச்சு. தணலாகிற நேரம் இரண்டு கட்டை போட்டு மறுபடி காற்றைத் திற. மூன்று நாலு என்று திணித்தால் அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகும். குழாய் சிவந்தால் உடனே காற்றைக் குறை, கதவைத் திறக்காதே.

மூட்டும்போது புகை வீட்டுக்குள் திரும்பினால் பெரும்பாலும் புகைபோக்கிக்குள் குளிர்காற்று இறங்கி நிற்கும். பத்திரிகைத் தாள் ஒன்றைக் கசக்கி, புகை போகும் வாய்க்குக் கிட்டப் பிடித்து எரித்தால் அந்தக் காற்று சூடாகி மேலே கிளம்பும். அதற்கு முன்னம் குசினி விசிறியைப் பார். இப்பத்தைய வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கமானவை; விசிறி ஓடினால் புகைபோக்கி வழியாகத்தான் காற்றை இழுக்கும். விசிறியை நிற்பாட்டு, யன்னலை ஒரு விரல் அளவு திற.

அடுப்புக் கதவைச் சுற்றி, இடைவெளியை அடைக்கிற கயிற்றையும் பார்க்கவேணும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழு. சும்மா வழுக்கி வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது, அதே தடிப்பில் புதுசு வாங்கி ஒட்டு. அடுப்புக்குள் சுவரோடு இருக்கிற தட்டுகளில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு பரவாயில்லை. துண்டு விழுந்து பின்னால் இரும்பு தெரிந்தால் மாற்று.

சாம்பல்தான் ஆளை ஏமாற்றுவது. மேலே சாம்பல் நிறம், உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல்லில் வை. மரப் படியில் வைக்காதே, கடதாசிப் பெட்டி, பிளாஸ்ரிக் பை பற்றி நினைக்கவே வேண்டாம். எல்லாத்தையும் வழித்து எடுக்கவும் தேவையில்லை, ஒரு விரல் தடிப்பு அடியில் இருந்தால் தணல் நிற்கும்.

புகைபோக்கிக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்டால், மேலே பொறி பறந்தால், உள்ளே தார் பற்றிவிட்டது. அடுப்புக் கதவையும் காற்றையும் மூடு, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போ, தீயணைப்புக்கு 110க்கு எடு. தண்ணீர் ஊற்றாதே. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1700 லீற்றர் அளவு விரியும், புகைபோக்கியே பிளந்துவிடும். அணைந்த பிறகும் ஃபைய்யர், அதாவது புகைபோக்கி துப்பரவாக்குகிற ஆள், வந்து பார்த்துச் சரி என்று சொல்லுமட்டும் மூட்டக் கூடாது. இப்போதே கொமூனுக்கு, அதுதான் உங்கட நகரசபைக்கு, எழுதி, இந்த வீட்டில் கடைசியாக எப்போது துப்பரவாக்கினது என்று கேள். தார் படிந்த கதையையும் மறைக்காமல் சொல்.

தணல் இருக்குமட்டும் புகைவழியை முழுக்க அடைக்காதே. தணலிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் என்றால் காய்ச்சல் என்று படுக்காமல் வெளியே வந்து அம்புலன்சுக்கு 113க்கு எடு. புகை அறிவிப்பான் இதைச் சொல்லாது. அதற்கென்று தனி அறிவிப்பான் இருக்கு, படுக்கையறைக்குக் கிட்டப் பொருத்து. அடுப்பின் முன்னே நிலத்தில் 30 சென்ரிமீற்றருக்கு எரியாத தட்டு இருக்கவேணும். படத்தில் அதன்மேல் காலுறை காயுது. எடு.

இனிக் கண்ணாடி. ஆறின பிறகு பத்திரிகைத் தாளை ஈரமாக்கி, மென்மையான சாம்பலில் தொட்டு, வட்டமாகத் தேய். தெளிக்கிற மருந்து வடிந்து கயிற்றைக் கெடுக்கும், வாங்காதே. துடைத்து ஒரு கிழமை எரித்துப் பார், மறுபடி கறுத்தால் விறகை மாற்று. ஈரமானி எவ்வளவு காட்டினது என்று எழுது.

அம்மா