மெதுவான படம் என்றால் மோசமான படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் திரை விமர்சனங்களில் எல்லாப் படங்களுக்கும் ‘மெதுவாக நகர்கிறது’ என்ற ஒரே குறைதான். நடிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தின் வேகத்தை அதன் திரைக்கதை எழுத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 2024இல் வந்த ‘மெய்யழகன்’ நீளம் என்று சொல்லப்பட்டு, வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டது. ஆனால் கார்த்தியும் அரவிந்த்சாமியும் விடிய விடியப் பேசுவதுதானே அந்தப் படத்தின் உயிர்! திருகோணமலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது, அந்தக் காட்சிகளில் யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. அடிதடிப் படங்களுக்குப் பொடியன்களிடம்கூட அந்த மரியாதை கிடைப்பதில்லை.

எந்தக் காட்சி தொய்ந்தது, அது எழுத்தின் தவறா, இயக்கத்தின் தவறா என்று விமர்சகர் இரண்டு வரி எழுதட்டும். நட்சத்திரங்களை அப்புறம் போடலாம்.

ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.