தாத்தாவுக்கு அன்று போர் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். 1945 மே 8-ல் லண்டன் தெருக்களில் கூடிய கூட்டத்தின் படங்களைப் போட்டு, போர் முடிந்த நாள் என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவில் முடிந்தது, சரி. எங்கள் தாத்தா அன்று பர்மாவில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான் பணிய ஆகஸ்ட் 15 ஆனது. அவர் குன்னூர் ரயிலடியில் வந்து இறங்கியதோ 1946-ல். வரவேற்கப் பாட்டியும் ஒரு குடையும்தான்.

மறுநாள் ஸ்டுடியோவில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. மூலையெல்லாம் பூஞ்சை, எங்கள் ஊர் ஈரம் அப்படி. காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. பாட்டி கேமராவைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் படங்களையும் வாசகர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். நகல் அனுப்புகிறேன், அசலை மட்டும் கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை எழுத்தர்,
குன்னூர்