ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பன்னிரண்டில் சேர்க்காதீர்கள்: பரக் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் (என்.சி.இ.ஆர்.டி.) மதிப்பீட்டு மையமான பரக் அமைப்பில் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். நாட்டிலுள்ள பள்ளிக் கல்வி வாரியங்களுக்கு இடையே சமநிலை கொண்டுவர 2024இல் நீங்கள் அளித்த அறிக்கை பற்றி எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணில் 9ஆம் வகுப்புக்கு 15, பத்துக்கு 20, பதினொன்றுக்கு 25, பன்னிரண்டுக்கு 40 விழுக்காடு என்று அதில் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அந்த 15 வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பொதுவான தரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்ததைச் சமச்சீர் கல்வியாக ஒன்று சேர்த்த மாநிலம் எங்களுடையது. அதற்காக 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இரண்டு மாநிலப் பிள்ளைகள் வாங்கிய தொண்ணூறும் ஒரே தொண்ணூறுதானா என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கான விடையைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் தேடுவதுதான் சரியில்லை.

எங்கள் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் டிசி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி ஒன்பதாம் வகுப்புக்கு எங்களிடம் வருகிறார்கள். பாடப்புத்தகத்தில் முதல் இயல் கணமொழி. ஆனால் கரும்பலகையில் −3 − 5 என்று எழுதிக் கேட்டால் 2, −2, 8 என்று விதவிதமாக விடை வரும். சரி, முதலில் இதைப் பார்ப்போம் என்று எண்கோடு வரைந்து ஆரம்பிப்பேன். ஒரு மாணவி, பெற்றோர் செங்கல் சூளை வேலைக்குப் போனதால் ஏழாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கே வராதவள். அழித்து அழித்து எழுதியதில் அவள் நோட்டில் தாள் கிழிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் 18 எடுத்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டில் 61. பதினொன்றில் தானாகவே கணிதப் பிரிவு கேட்டுச் சேர்ந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் வருடா வருடம் இருக்கிறார்கள். உங்கள் கணக்குப்படி, அவள் பிடித்துக்கொண்டு மேலே வந்த பிறகும், தடுமாறிய அந்த வருடம் சான்றிதழில் கூடவே வரும்.

அப்புறம், அந்த மதிப்பெண்ணைப் போடுவது யார்? ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்துகிற ஆசிரியரே தாளையும் திருத்துகிறார். அறிக்கையோ அந்த வகுப்பில் 70 விழுக்காட்டை வகுப்பறை மதிப்பீட்டுக்கே விட்டிருக்கிறது. அதில் வரும் செயல்திட்டமும் குழு உரையாடலும் நல்லவை. கற்பிக்க அவை எனக்கு வேண்டும். ஆனால் கல்லூரிச் சேர்க்கை அவற்றில் தொங்கினால், மதிப்பெண்ணைத் தாராளமாக அள்ளிக் கொடுக்கும் பள்ளியின் பிள்ளை முன்னே போகும், உள்ளபடி மதிப்பெண் போடும் ஆசிரியரின் பிள்ளை பின்தங்கும். எங்கள் பொறியியல் சேர்க்கையில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். அரை மதிப்பெண்ணில் எத்தனையோ பேர் முன்னும் பின்னும் ஆகிவிடுகிறார்கள். ஒன்பதில் இயற்பியலும் வேதியியலும் அறிவியல் என்ற ஒரே தாள். அதை எப்படிப் பிரித்துச் சேர்ப்பீர்கள்?

இங்கே இதை ஓரளவு பார்த்தும்விட்டோம். 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது, இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் உயர்கல்விக்குச் சேரும் என்றார்கள். மறு ஆண்டே அதைக் கைவிட்டு, பன்னிரண்டின் மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றின் பொதுத்தேர்வே போய்விட்டது. கொரோனாவால் 2021இல் பன்னிரண்டின் தேர்வு நின்றபோது பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். அன்று வேறு வழியில்லை. பத்தில் சறுக்கிப் பிறகு விழுந்து விழுந்து படித்த பிள்ளைகள், இப்போது படித்ததைக் காட்ட ஒரு வாய்ப்புக்கூட இல்லையா சார் என்று கேட்டார்கள். கட்டாயத்தில் செய்த ஒன்றை நாடு முழுவதற்கும் நிரந்தர விதியாக்க வேண்டுமா?

உங்கள் அறிக்கையே குடிநீர், நூலகம், விளையாட்டு வசதி பற்றியும் பேசுகிறது. தரத்தை அங்கிருந்து தொடங்குங்கள். எந்த வாரியத்துப் பள்ளியாக இருந்தாலும் ஒன்பதாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் ஜூன் மாதமே இருக்க வேண்டும், அறிவியல் ஆய்வகம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று விதி போடுங்கள். வினாத்தாளின் கடினத்தை வாரியத்துக்கு வாரியம் ஒப்பிடுங்கள். அது உங்களால் முடியும். 9ஆம் வகுப்புக்கான 15 விழுக்காட்டை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், முடிவு செய்யும் முன் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியர்களை மாவட்டந்தோறும் அழைத்து, அவரவர் மொழியில் கருத்துக் கேளுங்கள். மாணவர்களின் நோட்டுகளோடு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்