டொமைன் சோதனைக்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் டொமைனில் நாங்கள் என்ன கட்டளை அடிக்கிறோம், வரும் பதிலை எப்படிப் படிக்கிறோம் என்று தெரிந்திருந்தால் எங்கள் அறிக்கை புதிராக இருக்காது. பாதியை நீங்களே செய்து பார்க்கலாம்.

டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு டிஎன்எஸ். அதனிடம் கேள்வி கேட்கும் கருவியின் பெயர் டிக். மேக்கில் ஏற்கெனவே இருக்கிறது; உபுண்டுவில் டிஎன்எஸ்யூடில்ஸ் பேக்கேஜைப் போட்டால் வரும். விண்டோஸின் என்எஸ்லுக்கப் அவசரத்துக்கு ஆகும். ஆனால் டிடிஎல் (ஒரு பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு) போன்ற விவரங்களைக் கேட்காமல் காட்டாது என்பதால் அதை வைத்து அறிக்கை எழுதுவதில்லை.

முதலில் டிக், உங்கள் டொமைன், என்எஸ் என்று இடைவெளி விட்டு அடித்தால் நேம்சர்வர்களின், அதாவது டொமைனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்களின், பெயர்கள் வரும். ஒவ்வொன்றின் பெயரையும் அட் குறியோடு சேர்த்து ஏஎக்ஸ்எஃப்ஆர் கேட்போம். மொத்த ஸோனையும், அதாவது டொமைனின் முழுப் பதிவுப் பட்டியலையும், கொடு என்பது அதன் பொருள். ‘டிரான்ஸ்ஃபர் ஃபெயில்டு’ என்று வந்தால் பட்டியல் வெளியே போகவில்லை, நிம்மதி. ஒரு சர்வரோடு நிறுத்தக் கூடாது. முதன்மை சர்வர் மறுத்த பட்டியலை, யாரும் கவனிக்காத இரண்டாவது சர்வர் முழுதாகக் கொட்டிவிடுவது உண்டு. பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளின் பழைய பதிப்புகளில், யாருக்கு ஸோனைத் தரலாம் என்று சொல்லும் அலவ்-டிரான்ஸ்ஃபர் வரி இல்லாவிட்டால் கேட்டவருக்கெல்லாம் ஸோன் போகும். அந்த வரியில் இரண்டாவது சர்வரின் ஐபியை மட்டும் எழுதுங்கள். சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் டிசிக் சாவியும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதற்காக ஃபயர்வாலில் டிசிபி 53-ஐ மூடிவிடாதீர்கள்! டிஎன்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிபியில் அடங்காத பெரிய பதில்கள் அந்த வழியாகத்தான் போகும். பதில்களோடு டிஜிட்டல் கையொப்பத்தையும் அனுப்பும் டிஎன்எஸ்செக் போட்ட டொமைனில் அப்படிப்பட்ட பதில்கள் அதிகம்.

இதைவிட ஆபத்து, கைவிடப்பட்ட சிநேம்கள். ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவுதான் சிநேம். தீபாவளிச் சலுகைக்காக ‘ஆஃபர்’ என்று ஒரு சப்டொமைன் திறந்து, ஏதோ ஒரு கிளவுட் சேவைக்குத் திருப்பியிருப்பீர்கள். பண்டிகை முடிந்ததும் சேவையை நிறுத்தியாயிற்று, சிநேம் மட்டும் கிடக்கிறது. டிக் அடித்தால் மேலே ஸ்டேட்டஸ் என்எக்ஸ்டொமைன், அதாவது அப்படியொரு பெயர் இல்லை. கீழே ஆன்சர் பகுதியில் ஒற்றை சிநேம் வரி. இரண்டும் சேர்ந்து வந்தால் உடனே கவனியுங்கள். அதே சேவையில் அதே பெயரை வேறொருவர் எடுத்துவிட்டால், உங்கள் பெயரில் அவருடைய பக்கம் ஓடும். எச்டிடிபிஎஸ் சான்றிதழும் அவருக்குக் கிடைத்துவிடும், பூட்டுக் குறியைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சில சேவைகள் இல்லாத பெயருக்கும் ஐபி கொடுக்கும். அப்போது ஸ்டேட்டஸ் நோஎரர் (பிழை இல்லை) என்றே இருக்கும். அதனால் கர்ல் என்ற கருவியை வைத்துப் பக்கத்தையும் திறந்து பார்ப்போம். தப்பிக்க வழி வரிசைதான்: முதலில் சிநேமை நீக்குங்கள், டிடிஎல் நேரம் கழியட்டும், பிறகு சேவையை மூடுங்கள். அந்தப் பெயரை நாங்களே எடுத்துக் காட்ட வேண்டுமானால் அதற்குத் தனியாக எழுத்து அனுமதி தர வேண்டும்.

சப்டொமைன்களைச் சொல் பட்டியல் வைத்துத் தேடுவதற்கு முன், இருக்கவே முடியாத ஒரு கிறுக்குப் பெயரைக் கேட்டுப் பார்ப்போம். அதற்கும் ஐபி வந்தால் வைல்ட்கார்டு, அதாவது எந்தப் பெயரைக் கேட்டாலும் பதில் தரும் பதிவு, இருக்கிறது. அதைக் கழிக்காமல் ஓட்டினால் பட்டியலில் உள்ள எல்லாமே ‘கிடைத்தது’ என்று வரும். வேகமும் முக்கியம். அடுக்கடுக்காகக் கேட்டால் சர்வர் பதில் தருவதையே நிறுத்திவிடும். டைம்அவுட்டோ சர்வ்ஃபெயிலோ (சர்வரால் பதில் தர முடியவில்லை) வந்தால் அந்தப் பெயர் இல்லை என்று எழுதுவது தவறு.

திருத்திய பிறகும் பழைய பதிலே வருகிறது என்று பதற வேண்டாம். பதில் வரியில் பெயரை அடுத்து வரும் எண் டிடிஎல், விநாடிக் கணக்கு. 3600 என்றால் ஒரு மணி நேரம். நேம்சர்வரிடமே நேரடியாகக் கேட்டால் புதியது தெரியும். அலுவலக வைஃபையில் ஒரு பதிலும் மொபைல் டேட்டாவில் வேறு பதிலும் வந்தால், உள் டிஎன்எஸ் தனியாக இருக்கிறதென்று பொருள்.

கடைசியாக அனுமதிக் கடிதம். டொமைன்கள், தேதிகள், நாங்கள் கேள்வி அனுப்பும் ஐபி மூன்றும் அதில் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி, பொறுப்பாளர் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நேர்மையற்ற நோக்கில் எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நேம்சர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்துடையது என்றால் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, அவர்களிடமிருந்தும் ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். அது வரும்வரை ஏஎக்ஸ்எஃப்ஆரும் சொல் பட்டியலும் காத்திருக்கும். உங்கள் ஊழியர்கள் பழக விரும்பினால், அதற்கென்றே திறந்து வைத்திருக்கும் ஸோன்டிரான்ஸ்ஃபர் டாட் மீ என்ற டொமைனில் அடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பாதுகாப்புச் சோதனைப் பிரிவு