சொகுசு கிராஸ்ஓவர்களை நம் ஊர்ச் சாலையில் வைத்து எடைபோட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் நடுத்தர அளவுச் சொகுசு கிராஸ்ஓவர்களை (காருக்கும் எஸ்யூவிக்கும் இடைப்பட்ட உயரமான வாகனங்களை)ப் பற்றி வரும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வால்வோ எக்ஸ்சி60, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5 ஆகியவற்றின் குதிரைத்திறனையும், 100 கி.மீ. வேகத்தை எட்ட எடுக்கும் நொடிகளையும் அவை விரிவாக ஒப்பிடுகின்றன. மதுரையிலோ விருதுநகரிலோ இருந்துகொண்டு இவ்வளவு பெரிய தொகையைச் செலவிட நினைப்பவருக்கு அந்த நொடிக்கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

உறவினர் ஒருவரின் எக்ஸ்சி60 காரில் அடிக்கடி பயணம் செய்பவன் என்ற முறையில் இவ்வகை வாகனங்களின் நல்ல அம்சங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. செடான் காரில் குனிந்து இறங்க வேண்டும். பெரிய எஸ்யூவியில் கைப்பிடியைப் பற்றி ஏற வேண்டும். இதிலோ இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள என் தாயார் முதலில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். சென்னை வரை ஏறத்தாழ 460 கி.மீ. பயணித்து இறங்கும்போதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதில்லை. இதை எந்த மதிப்புரையிலும் நான் படித்ததில்லை. பாதுகாப்பிலும் குறை சொல்ல இடமில்லை: 2017-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் வயதுவந்த பயணிகளின் பாதுகாப்புக்கு எக்ஸ்சி60 பெற்ற மதிப்பெண் 98 விழுக்காடு. முன்னால் திடீரென வண்டி குறுக்கிட்டால் தானாகவே பிரேக் போடும் வசதி, எதிர்த்திசையில் இருசக்கர வாகனங்கள் வரும் நமது நான்குவழிச் சாலைகளில் ஆடம்பரமன்று. தடக்கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருத்தும் வசதியின் கதை வேறு. கோடே அழிந்துபோன உட்சாலைகளில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

குறைகளில் முதலில் வருவது டயர். தோற்றத்துக்காகப் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. 255/45 ஆர்20 என்ற அளவில் (255 மி.மீ. அகலம், அதில் 45 விழுக்காடு பக்கச்சுவர், 20 அங்குலச் சக்கரம்) டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 115 மி.மீ.; 235/55 ஆர்19 என்றால் 129 மி.மீ. இந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான், வர்ணம் பூசாத வேகத்தடையிலும் மழைநீர் மூடிய பள்ளத்திலும் அலாய் சக்கரத்தைக் காப்பாற்றுகிறது. பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது. பின்னால் இருக்கும் மெல்லிய தற்காலிகச் சக்கரத்தில் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கிழிந்ததற்கு மாற்றாக அதே அளவு டயர் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உடனே கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. சில மாடல்களில் ஸ்டெப்னியே இல்லாமல், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் மட்டும் தருகிறார்கள். அது சவாரியைச் சற்று முரடாக்கும் என்பதையும் வாங்குபவர் ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

அடுத்தது அகலம். இந்த நான்கு வண்டிகளும் சுமார் 4.7 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் அகலமும் கொண்டவை; பக்கக் கண்ணாடிகளை விரித்தால் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும். மதுரையின் மாசி வீதிகளில் கடை வைத்திருப்பவர், சரக்கு இறக்கும் நேரத்தில் இதை ஓட்டி வந்து எங்கே நிறுத்துவார் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அவருக்குச் சிறிய காரே மேல் என்பது என் கருத்து.

ஏசியைக் கூட்டவும் குறைக்கவும்கூட எக்ஸ்சி60-இல் தொடுதிரையைத்தான் தொட வேண்டும். வெயிலில் கிடந்த காரை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்து செல்பவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இதைச் செய்ய இயலாது. ஒரு திருகுக் குமிழில் முடிகிற வேலை இது.

எரிபொருளையும் கவனிக்க வேண்டும். இவ்வகை டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் பரிந்துரைக்கப்படுகிறது (எஞ்சினுக்குள் நேரம் தவறித் தீப்பற்றாமல் பெட்ரோல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன்). நமது சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேனாகவே இருந்தது. குறைந்த ஆக்டேனில் ஓடும்போது எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும். அதனால் இழுவையும் மைலேஜும் சற்றே குறையும். வால்வோ 2024-இல் டீசல் கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆகவே மாதந்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர்கள், டீசல் கிடைக்கும் ஜிஎல்சியையோ எக்ஸ்3-யையோ பார்ப்பதே சரி.

விலையைச் சொல்லும்போது ஷோரூம் விலையோடு நிறுத்திவிடுவதும் முறையன்று. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 40 விழுக்காடாகியிருக்கிறது. முன்பு செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 50 விழுக்காடு இருந்தது. அந்தக் குறைப்பு விளம்பரங்களில் பெரிதாக வருகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 20 விழுக்காடு என்பது அந்த விளம்பரங்களில் வருவதில்லை. 70 லட்சம் ரூபாய் வண்டிக்கு இது மட்டுமே சுமார் 14 லட்சம். அந்தத் தொகைக்கு வீட்டுக்கு இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

எனவே, இனி வெளியாகும் மதிப்புரைகளில் டயரின் அளவு, ஸ்டெப்னியின் வகை, தென்மாவட்டங்களில் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனை இருக்கும் ஊர், வரி சேர்த்த முழு விலை ஆகியவற்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் நொடிக்கணக்கை நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கே.கே. நகர், மதுரை.